ஆசிரியர்களின் கோரிக்கை மனுவில் அலுவலக எழுத்தர் நான் கையெழுத்துப் போடலாமா?

சாவிக்கொத்து எழுதியது:

ஒரு பள்ளி அலுவலகத்தில் ஒன்பது வருடமாக எழுத்தராக இருக்கிறேன். எங்கள் ஆசிரியர்கள் ஒரு மனு தயார் செய்து நேற்று சாயங்காலம் என் மேசைக்கே கொண்டு வந்தார்கள். "கற்பித்தல் அல்லாத பணிகளிலிருந்து எங்களை விடுவிக்க வேண்டும்" என்பது தலைப்பு. கீழே பதினொரு வேலைகள். மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றுவது, கட்டணம் வசூலிப்பது, வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போடுவது, வினாத்தாள் நகல் எடுப்பது, பாடப்புத்தகம் எண்ணி இறக்குவது என்று போகிறது பட்டியல். "டீச்சர்ஸ் எல்லாரும் போட்டாச்சு. நீங்களும் போட்டா பள்ளிக்கூடமே ஒண்ணா நிக்குதுன்னு தெரியும்" என்றார் கொண்டு வந்த டீச்சர். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் மறக்காமல் விசாரிக்கிறவர்.

படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்தேன். அவர் போனதும் பென்சில் எடுத்து ஒவ்வொன்றாக டிக் போட்டேன். பதினொன்றில் ஏழு ஏற்கெனவே பாதிக்கு மேல் என் மேசையில்தான் நடக்கிறது. மீதி நாலும் யாரிடம் போகும் என்று மனுவில் ஒரு வரி இல்லை. விடுவித்துவிட்டால் வேலை ஆவியாகியா போய்விடும்? எங்கள் அலுவலகத்தில் இருக்கை மூன்று, ஆள் இரண்டு. மூன்றாவது இருக்கை காலியாகி இரண்டு வருடம் ஆகிறது. அதில் இப்போது பழுதான பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது.

நகல் எடுக்கும் கதையை மட்டும் சொல்கிறேன். போன மாதம் தேர்வு நாள். காலை 8.10. இயற்பியல் சார் நாலு பக்க வினாத்தாளோடு வந்து நிற்கிறார். 180 பிரதி. இரண்டு பக்கமும் அடித்தால் 360 தாள். ஒன்பது மணிக்குத் தேர்வு மணி. மிஷின் நாற்பதாவது பிரதியில் சிக்கிக்கொண்டது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து, பச்சை நெம்புகோலைத் தள்ளி, சூடான உருளைக்கு நடுவிலிருந்து தாளை இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும். கிழிந்தது. விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டது. அந்தத் துண்டு வெளியே வரும் வரை மிஷின் அசையாது. தலைமுடி ஊசியால் நெம்பி எடுத்தேன், புறங்கையில் சூடு பட்டுக் கொப்பளித்தது. இதற்கு நடுவில் ஜன்னலில் ஒரு பெற்றோர் டி.சி. கேட்டுக் கத்துகிறார், கீழே விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்ட ஒரு பையனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வருகிறார்கள். 8.56-க்குக் கடைசிக் கட்டை அடுக்கிக் கொடுத்தேன். சார் வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் முன்னாடியே எடுத்து வெச்சிருக்கலாமே" என்றார். வினாத்தாளே என் கைக்கு 8.10-க்குத்தான் வந்தது.

இன்னொன்று. யாராவது ஆசிரியர் விடுப்பு எடுத்து, சப்ஸ்டிட்யூஷனுக்கு ஆள் கிடைக்காவிட்டால், "ஆறாம் வகுப்புல சும்மா உக்காந்து பாத்துக்கோங்க" என்று என்னை அனுப்புவார்கள். நாற்பது பிள்ளைகளைச் சும்மா உட்கார்ந்து பார்த்தவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அந்த பீரியட் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அந்த நேரத்தில் அலுவலகத்தில் சேர்ந்த வேலையும் எங்கும் போகாது, சாயங்காலம் எனக்காகக் காத்திருக்கும்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். ஐந்தரைக்கு நான் பூட்டினால் என் வேலை பூட்டுக்குப் பின்னால் இருந்துவிடும். அவர்கள் வேலை பைக்குள் ஏறி வீட்டுக்குப் போகிறது. அது தெரியும். ஆனால் தேர்வு முடிந்து அவர்கள் விடுமுறைக்குப் போகும்போது எனக்குச் சேர்க்கையும் சான்றிதழும் ஆரம்பிக்கும். பெயரையே பாருங்களேன்: 'ஆசிரியர் அல்லாத பணியாளர்'. நான் யார் என்று அதில் இல்லை, யார் இல்லை என்றுதான் இருக்கிறது. மருத்துவமனையில் செவிலியரை யாராவது 'மருத்துவர் அல்லாதவர்' என்று கூப்பிடுகிறார்களா?

உறுத்துவது இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு, அந்த மூன்றாவது இடத்தை நிரப்பச் சொல்லி நாங்கள் இரண்டு பேர் விண்ணப்பம் எழுதினோம். ஆசிரியர்களிடமும் கையெழுத்துக் கேட்டோம். "அது ஆபீஸ் விஷயம், நாங்க எதுக்கு" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஒன்றாக நிற்கலாம் என்கிறார்கள்.

போடவா, வேண்டாமா? வேறு எங்காவது இந்தச் சிக்கலை உருப்படியாகத் தீர்த்திருக்கிறார்களா?

---

சுண்ணக்கட்டி எழுதியது:

அக்கா, நான் அந்தப் பக்கத்து ஆள். கணக்கு வாத்தியார். அதனால் என்னை நம்பலாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாலு பிரிவு, 160 நோட்டு. ஒரு நோட்டுக்கு மூன்று நிமிடம் வைத்தாலே 480 நிமிடம், அதாவது எட்டு மணி நேரம். ஒரு தடவை திருத்தி முடிக்க முழுதாக ஒரு வேலை நாள். கால அட்டவணையில் இதற்குக் கட்டம் கிடையாது. இதற்கு மேல் ஒரே பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயரை மூன்று வெவ்வேறு தளங்களில் ஏற்றச் சொல்கிறார்கள். ஒன்றில் ஏற்றியது இன்னொன்றுக்குப் போகாது. சர்வர் இரவு பதினொரு மணிக்குத்தான் மனம் இரங்கும். வகுப்பில் பின்னத்தைப் புரிய வைக்க வேண்டிய தெம்பை இங்கே இழந்துவிட்டுத்தான் காலையில் வருகிறோம். எரிச்சலில் எழுதிய மனு அது, யாரையும் தள்ளிவிட எழுதியதல்ல.

ஆனால் நீங்கள் பென்சிலால் டிக் போட்ட இடம் என்னைக் குத்தியது. எங்கள் பள்ளியிலும் இதே மாதிரி மனு போன வருடம் போனது. ஸ்டாஃப் ரூமில் பதினான்கு பேர் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தினோம். 'கோருகிறோம்' என்பதா 'வேண்டுகிறோம்' என்பதா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. இதை இனி யார் செய்வார்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும்தான்.

எங்கள் எழுத்தர் ஒரு முறை மூன்று வாரம் விடுப்பில் போனார். இரண்டு நாள் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை உட்கார வைத்தார்கள். கணக்கு வாத்தியார்தானே, இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். முதல் நாளே ஒரு சான்றிதழில் பிறந்த தேதியை எண்ணில் சரியாகவும் எழுத்தில் தப்பாகவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பையன் அடுத்த பள்ளியில் போய் நின்று, திருப்பி அனுப்பப்பட்டு, அவன் அம்மா ஒரு நாள் வேலைக்குப் போகாமல் மறுபடி என் ஜன்னலுக்கு வந்தார். திட்டவில்லை. "பாத்து எழுதிக் குடுங்க சார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த டீச்சரை உட்கார வைத்து உங்கள் பென்சில் டிக்கைக் காட்டிவிட்டுப் போடுங்கள்.

---

வெண்பலகை எழுதியது:

அவங்க அவங்க படிச்ச படிப்புக்கு ஏத்த வேலை, வேலைக்கு ஏத்த மரியாதை. பி.எட். முடிச்சுட்டு வந்து வகுப்புல நின்னு பாருங்க, தெரியும். இதுல ஒப்பிட என்ன இருக்கு?

---

பழைய பேரேடு எழுதியது:

மேலே எழுதிய தம்பிக்கு: அந்த அம்மா படிப்பை ஒப்பிடவே இல்லை. கேள்வியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

அம்மா, நான் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்க வேலையும் கொஞ்ச காலம் பார்த்தேன். எந்த ஊர்ப் பள்ளி என்று நீங்கள் எழுதவில்லை, எழுதாததும் நல்லதே. அதனால் பொதுவாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பள்ளியில் நடப்பது உங்கள் பள்ளியில் ஆரம்பித்ததில்லை. 1966 அக்டோபர் 5 அன்று பாரிஸில் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர்களின் நிலை குறித்து ஒரு பரிந்துரையை ஏற்றார்கள். அந்த நாளைத்தான் 1994 முதல் உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். நல்ல ஆவணம். வேலை நேரம், விடுப்பு, வகுப்பின் அளவு எல்லாம் பேசுகிறது. அதில் நம்மைப் போன்றவர்கள் எந்த இடத்தில் வருகிறோம் தெரியுமா? ஆசிரியரின் நேரமும் சக்தியும் வீணாகாமல் இருக்க, கற்பித்தல் அல்லாத வேலைகளுக்குத் துணைப் பணியாளர்களைப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டும் என்ற இடத்தில். உங்கள் ஆசிரியர்கள் கேட்பதும் அதையேதான், அவர்கள் கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தத் துணைப் பணியாளரின் நேரமும் சக்தியும் என்ன ஆவது என்பது அந்த ஆவணத்தின் கவலை அல்ல. ஆசிரியர் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான எஜுகேஷன் இன்டர்நேஷனல் 2018-இல்தான் கல்வித் துணைப் பணியாளர்களின் உரிமைக்கென்று தனியாக ஒரு பிரகடனம் கொண்டு வந்து, மே 16-ஐ அவர்களுக்கான நாளாக வைத்தது. 1966-க்கும் 2018-க்கும் நடுவில் 52 வருடம். எனக்கு வேலை கிடைத்ததும் நான் ஓய்வு பெற்றதும் அந்த இடைவெளிக்குள்ளேயே முடிந்துவிட்டது.

வேறு எங்காவது தீர்த்தார்களா என்று கேட்டீர்கள். இங்கிலாந்தில் அச்சு அசலாக உங்கள் மனுவையே சட்டம் ஆக்கிப் பார்த்தார்கள். 2003 ஜனவரியில் அரசும் பெரும்பாலான சங்கங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆசிரியர் வழக்கமாகச் செய்யக் கூடாத 24 வேலைகளுக்குப் பட்டியல். மொத்தமாக நகல் எடுப்பது, பணம் வசூலிப்பது, வராத பிள்ளைகளைத் தொடர்ந்து விசாரிப்பது எல்லாம் அதில் உண்டு. 2005 செப்டம்பரிலிருந்து ஆசிரியரின் பாட நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, பாடம் தயாரிக்கவும் திருத்தவும் தனியாக ஒதுக்கப்பட்டது. மேலே எழுதிய கணக்கு வாத்தியாரின் 160 நோட்டுக்கு அங்கே ஒரு கட்டம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை யார் மேல் விழுந்தது? வகுப்பு உதவியாளர், எழுத்தர் மேல்தான். ஆசிரியர் வராத வகுப்பில் போய் உட்கார 'கவர் சூப்பர்வைசர்' என்று ஒரு பதவியே வந்தது. நீங்கள் ஆறாம் வகுப்பில் சும்மா உட்கார்கிறீர்களே, அதே வேலைதான், ஆனால் அங்கே அதற்குப் பெயரும் சம்பளமும் இருந்தது. துணைப் பணியாளர் சங்கங்கள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. போடாமல் வெளியே நின்ற பெரிய சங்கம் எது என்றால், என்.யூ.டி. என்ற ஆசிரியர் சங்கம். பயிற்சி பெற்ற ஆசிரியர் நிற்க வேண்டிய இடத்தில் குறைந்த சம்பளத்துக்கு வேறு ஆளை நிறுத்துவார்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது.

ஆனால் சம்பளக் கணக்கு சமமாகவில்லை. அங்கே ஆசிரியருக்கு வருடத்தில் 195 நாள், தலைமையாசிரியர் சொல்லும் வேலைக்கு 1,265 மணி நேரம் என்று நாடு முழுக்க ஒரே எல்லை எழுதி வைத்திருக்கிறார்கள். சம்பளம் முழு வருடத்துக்கு. வகுப்பு உதவியாளர்கள் பெரும்பாலோருக்குப் பள்ளி நடக்கும் வாரங்களைக் கணக்கிட்டு, அதைப் பன்னிரண்டாகப் பங்கு போட்டுத் தருகிறார்கள். விளம்பரத்தில் ஒரு தொகை, கையில் வருவது வேறு. துணைப் பணியாளருக்கென்று நாடு தழுவிய பேச்சுவார்த்தைக் குழு ஒன்றை 2009-இல் சட்டம் போட்டு அமைத்தார்கள். அடுத்த வருடம் ஆட்சி மாறியது, அதைக் கலைக்கப் போவதாக அறிவித்துவிட்டார்கள். 

இந்தியச் சட்டத்தில் நம் கதை தலைகீழாகவும் போயிருக்கிறது, கேளுங்கள். 1988-இல் கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. கற்பித்தலை எழுத்தர் வேலை என்றோ உடலுழைப்பு என்றோ சொல்ல முடியாதாம். எழுத்தருக்குத் திறந்திருந்த தொழிலாளர் நீதிமன்றக் கதவு ஆசிரியைக்கு மூடியிருந்தது. பணிக்கொடையிலும் (கிராஜுவிட்டி) அதுதான் நடந்தது. 1997-இல் பள்ளிகளுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்றார்கள். எழுத்தருக்குக் கிடைத்தது, 2004-இல் நீதிமன்றம் ஆசிரியர் அந்தச் சட்டத்தின் 'ஊழியர்' என்ற விளக்கத்துக்குள் வரமாட்டார் என்றது. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றார்கள். அதையும் எதிர்த்துத் தனியார் பள்ளிகள் நீதிமன்றம் போய், 2022-இல்தான் ஆசிரியருக்கு முழுதாக ஜெயித்தது. 'புனிதமான பணி' என்று ஒருவரைத் தூக்கி வைத்தால் அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அன்று பல ஆசிரியர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று தெரிந்துகொண்டார்கள். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தது நாங்கள்தான்.

ஒன்றாக நிற்பது பற்றிக் கேட்டீர்கள். 2023 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் பேருந்து ஓட்டுநர், துப்புரவாளர், உணவுக்கூடப் பணியாளர், சிறப்புக் குழந்தைகளின் உதவியாளர் என்று சுமார் 30,000 பேர் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆசிரியர் சங்கமும் பள்ளிக்குள் போக மறுத்து அவர்களோடு வெளியே நின்றது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பள்ளிகள் மூடின. அந்த வாரமே 30 சதவீத உயர்வுக்கு உடன்பாடு வந்தது. ஓட்டுநரும் துப்புரவாளரும் மட்டும் நின்றிருந்தால் எப்படியாவது பள்ளியைத் திறந்து நடத்தியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அதனால் கையெழுத்துப் போடுங்கள், ஆனால் வெறுமனே போடாதீர்கள். மனுவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "இப்பணிகளை மேற்கொள்ள, காலியாக உள்ள அலுவலகப் பணியிடத்தை நிரப்பிய பின்பே இவை மாற்றப்பட வேண்டும்." அந்தப் 'பின்பே'யை விட்டுவிடாதீர்கள். 'நிரப்பி' என்று மட்டும் எழுதினால் வேலை நாளைக்கே வரும், ஆள் என்றைக்கோ வருவார். மனு அனுப்பும் முன் பத்து நாள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்ன வேலை, யார் சொன்னது, எத்தனை நிமிடம். வகுப்பில் உட்கார்ந்ததையும் தேதி போட்டு எழுதுங்கள். பெரிய விளக்கம் வேண்டாம், பேரேடு மாதிரி இருக்கட்டும்.

---

ஆறு மணி வாளி எழுதியது:

எனக்கு எழுத வராது, போன்ல பேசினா அதுவே டைப் அடிக்குது. தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க.

நான் ஸ்கூல்ல கூட்டிப் பெருக்கற வேலை. ஸ்கூல் ஆள் இல்ல, ஏஜென்சி ஆள். காலைல ஆறு மணிக்கு வாளி எடுத்தா பதினோரு மணி வரைக்கும். அப்புறம் சாயங்காலம் மூணரைலேர்ந்து ஆறரை. நடுவுல நாலரை மணி நேரம் வீட்டுக்குப் போனா பஸ் காசு, போகாட்டி மாடிப்படிக்குக் கீழ உக்காந்திருக்கணும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஸ்கூல் லீவு விட்டா எங்களுக்கும் லீவு, ஆனா அந்த மாசம் காசு இல்ல. டீச்சருக்கு லீவு வந்தா சந்தோஷம். எனக்கு லீவு வருதுன்னா ரெண்டு மாசம் முன்னாடியே பயம்.

அந்த அக்கா எழுதினத எம் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஒண்ணு கேக்கணும். அந்தப் பதினோரு வேலைல புத்தகம் எண்ணி இறக்கறது இருக்குன்னீங்க. எண்ணறது நீங்க எண்ணுவீங்க. இறக்கறது யாரு? வண்டிலேர்ந்து ரெண்டாம் மாடிக்குத் தூக்கறது யாரு? எங்க ஸ்கூல்ல நான்தான். டீச்சர் எழுதின பேப்பர் உங்ககிட்ட வந்துச்சு. உங்ககிட்டேர்ந்து எங்களாட்டம் ஆளுகிட்ட வந்துச்சா?

கோவமா கேக்கல. கேக்கத் தோணுச்சு.

---

சாவிக்கொத்து எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் சேர்க்கை.

பேரேடு ஐயா, நோட்டு போட்டேன். பத்து வேலை நாள். நகல் எடுப்பதற்கு மட்டும் 11 மணி 20 நிமிடம், அதில் சிக்கிய தாளை எடுத்த நேரம் 1 மணி 50 நிமிடம். வகுப்பில் 'சும்மா' உட்கார்ந்தது ஆறு பீரியட். போன் 94. அடிபட்ட பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களுக்கு மருந்து போடுவது யார் பொறுப்பு என்று எந்த உத்தரவிலும் இல்லை என்பதே எழுதும்போதுதான் தெரிந்தது. பஞ்சு டப்பா என் மேசையில் இருக்கிறது, அதனால் என் பொறுப்பாகிவிட்டது.

வெண்பலகை சாருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நானும் பி.எட். முடித்தவள்தான்.

டீச்சரிடம் நோட்டைக் காட்டினேன். முதலில் முகம் சுருங்கியது. "இப்படிச் சேர்த்தா மனு இழுத்துக்கிட்டே போகும், பணியிடம்னாலே மேல தூக்கி ஓரமா வெச்சிருவாங்க" என்றார். அது பொய்யும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு நினைவே இல்லை. நிஜமாகவே இல்லை, நடிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் பேசிவிட்டு வந்து, "அந்த வரியை நீங்களே டைப் பண்ணிருங்க" என்றார். 'பின்பே'யோடு அடித்தேன். ஒரு சார் மட்டும் அதை 'நிரப்பி' என்று மாற்றலாமே என்று கேட்டார். மாட்டேன் என்றேன். இந்த ஒன்பது வருடத்தில் ஸ்டாஃப் ரூமில் நின்று நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை, குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. கணக்கு வாத்தியார் தம்பி, நீங்கள் சொன்னபடி பென்சில் டிக்கையும் காட்டினேன்.

ஆறு மணி வாளி அக்கா, உங்கள் கேள்வியைப் படித்த அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. எங்கள் பள்ளியில் கூட்டுகிறவர் என் மேசைக்கு அடியில் குப்பைக்கூடையைத் தினமும் எடுத்து வைக்கிறார். நான் காலைத் தூக்கிக்கொள்வேன், போனில் பேசிக்கொண்டே. மனுவை அவரிடம் கொண்டு போனேன். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் பினாயில் டப்பாவும் வைக்கிற இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பு நான் அந்த இடத்துக்குள் குனிந்து போனதே இல்லை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். படித்துச் சொன்னேன். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "ஏஜென்சிக்காரர் காதுக்குப் போனா நாளைக்கு வேற ஆள் வரும் மேடம்" என்றார். வற்புறுத்தவில்லை. புத்தகத்தை மாடிக்கு ஏற்ற என்ன செய்யலாம் என்று கேட்டேன். வண்டி வரும் நேரத்தை முதல் நாளே சொன்னால் போதும், சேலை மாற்றிக்கொண்டு வரலாம், ஆனால் மாற்ற இடம் வேண்டும் என்றார். கழிவறை கழுவுகிறவருக்கு உடை மாற்ற ஒரு அறை இல்லை என்று அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

பழைய பிரிண்டரை ஸ்டாக் ரெஜிஸ்டரில் கழிவுக்கு எழுதி, அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஸ்டோரைக் காலி செய்யத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். உள்ளே தாழ்ப்பாள் உண்டு. வாய்மொழியாகச் சரி என்றிருக்கிறார். எழுத்தில் வாங்க வேண்டும். மூன்றாவது இருக்கையில் இப்போது யாரும் இல்லை, பிரிண்டரும் இல்லை.

மனு நேற்று போனது. இருபத்து மூன்று ஆசிரியர், நாங்கள் இரண்டு பேர், ஆய்வக உதவியாளர், காவலர். மேலே அனுப்ப மூன்று நகல் கேட்டார்கள். 'வினாத்தாள் மற்றும் இதர ஆவணங்களை நகல் எடுத்தல்' என்பது அதில் நான்காவது கோரிக்கை. நான்தான் எடுத்தேன். இரண்டாவது நகலில் சிக்கிக்கொண்டது. இந்த முறை டீச்சர் பக்கத்தில் நின்று பச்சை நெம்புகோலைப் பிடித்துக்கொண்டார்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

அக்கா, அந்தக் கொப்புளம் ஆறிவிட்டதா?

---

சாவிக்கொத்து எழுதியது:

ஆறிவிட்டது தம்பி. தழும்பு இருக்கிறது. நோட்டில் அதையும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.